வேடமும் தீர்ப்பும்

நாடகக் கலையைக் கண்டித்தோர் எக்காலத்தும் இருந்துள்ளனர். ஆயினும் அக்கண்டனங்களுள் மிகக் கடுமையானதும் மிக ஆழமானதும் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தூய்மைவாதிகள் எழுப்பிய கண்டனமே எனலாம். ஒருவன் தான் அல்லாத இன்னொருவனாகத் தோன்றுவது பொய், பொய் பாவம், ஆகவே நடிப்பும் பாவம் என்பது அவர்தம் வாதத்தின் சுருக்கம். ஆடவர் பெண்டிரின் உடை தரித்தலைப் பழைய ஏற்பாட்டின் உபாகமம் விலக்கியிருப்பது அவ்வாதத்திற்கு வேத ஆதாரமாயிற்று. வில்லியம் பிரின் என்பார் 1633இல் வெளியிட்ட 'ஹிஸ்ட்ரியோமாஸ்டிக்ஸ்' எனும் நூல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் இக்கருத்தையே நிலைநாட்ட முயன்றது. 1642இல் இங்கிலாந்தின் பாராளுமன்றம் நாடக அரங்குகளை மூட ஆணையிட்டது. 1660இல் முடியாட்சி மீண்ட பின்னரே அவை முறைப்படி திறக்கப்பட்டன.

இத்தகையோரின் வாழ்வையே பொருளாகக் கொண்டு பிற்காலத்தில் நாடகங்கள் தோன்றியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 1953இல் நியூயோர்க்கில் மேடையேறிய ஆர்தர் மில்லரின் 'த குரூசிபிள்' அவற்றுள் பெயர்பெற்றது. மசாச்சுசெற்ஸ் குடியேற்றத்தின் சேலம் என்னும் ஊரில் 1692இல் நிகழ்ந்த சூனிய விசாரணைகளை அது சித்திரிக்கின்றது. அவ்விசாரணைகளின் முடிவில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர்; ஒருவர் கற்களின் பாரத்தால் நசுக்கிக் கொல்லப்பட்டார். இத்தகைய நாடகமொன்றில் வேட உடை, காட்சியமைப்பு, அரங்கப் பொருட்கள், ஒளியமைப்பு என்பவற்றுக்குப் பொறுப்பாயிருப்பவர் பொதுவாக ஒரு தொழில்நுட்பக் கலைஞராகவே கருதப்படுகின்றார். கருத்து ஆசிரியனுடையது, உணர்ச்சி நடிகனுடையது, அழகு மட்டுமே இவருடையது என்னும் எண்ணம் பரவலானது. அது முழு உண்மையன்று. வேடத்தையே பாவமெனக் கொண்டோருக்கு வேடம் புனைய முற்படும்போது, புனைபவர் ஓர் அறவினாவுக்கு விடை கூறியாக வேண்டும். ஒரு மனிதனைப் புறத்தோற்றத்தின் வாயிலாகப் பிறருக்கு அறிமுகம் செய்பவர் அம்மனிதனுக்கு எத்தகைய கடப்பாடு உடையவர் என்பதே அவ்வினா.

இவ்வினா ஈழத்தவர்க்கு, சிறப்பாகப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தவர்க்கு, அந்நியமானதன்று. இங்கிலாந்தின் தூய்மைவாதிகளோடு சமய உறவு பூண்ட கல்வினியக் கொள்கையினரே ஒல்லாந்தர். அவர்கள் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கண்டி அரசின் கடல் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் புத்தளம் கடனீரேரியின் வாயிலில் கற்பிட்டிக் கோட்டையை 1667 தொடக்கம் 1676 வரை கட்டினர். சுரூபங்களும் பலிபீட அலங்காரங்களும் நிறைந்திருந்த போர்த்துக்கேயர் ஆலயங்களுக்கு மாறாக, வெண்சாந்து பூசிய சுவர்களையும் நடுநாயகமான பிரசங்க மேடையையும் உடைய ஆலயங்களை அவர்கள் நிறுவினர். கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை விதிக்கும் கட்டளை 1658இல் பிறப்பிக்கப்பட்டது.

வேடத்தை வெறுத்த அவ்வாட்சியின் விளைவு யாது? நாடு முழுதும் வேடம் பெருகியமையே. உத்தியோகமும் சட்டபூர்வமான திருமணப் பதிவும் சீர்திருத்த சபையின் ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டமையால், ஞாயிறன்று ஒரு சமயத்தையும் வீட்டில் இன்னொரு சமயத்தையும் கைக்கொண்டோர் பலராயினர். கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார் 1687இல் ஈழத்தில் கால்வைத்தது ஓர் ஏழையின் உடையிலேயாகும். பிச்சை ஏற்பவரைப் போல வீடுவீடாகச் சென்று, தம் கழுத்திலிருந்த செபமாலையைக் கண்டோரின் முகக்குறிப்பைக் கொண்டு கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார் என்பர். பின்னர் 1690இல் ஒல்லாந்தரின் கைக்கு எட்டாத கண்டி அரசின் எல்லைக்குட்பட்டிருந்த புத்தளத்தில் பணியாற்றி, 1692இல் கண்டிக்குச் சென்றார். அங்கே போர்த்துக்கேய ஒற்றர் என்னும் ஐயத்தின்பேரில் சிறைவைக்கப்பட்டார். சேலத்தில் தூக்குமரங்கள் எழுந்த அதே ஆண்டில், ஈழத்திலும் ஒருவர் தாம் அல்லாத ஒன்றாகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்பட்டார் என்பது கவனத்திற்குரியது. 2015இல் அவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். அவர் பூண்ட வேடத்தைப் பொய்யென்று இன்று எவரும் கூறுவதில்லை.

அவ்வாறாயின் வேடத்துள் பொய் எங்கே பிறக்கின்றது? திருக்குறளின் கூடாவொழுக்க அதிகாரம் இதற்கு ஒரு வழி காட்டுகின்றது. புலித்தோல் போர்த்துப் பயிரை மேயும் பசுவை வள்ளுவர் கண்டிக்கின்றார். அங்கே குற்றம் தோலில் இல்லை. காண்பவனை ஏமாற்றி அவன் பயிரைத் தின்னும் செயலிலேயே உள்ளது. நேரான அம்பு கொல்வதையும் வளைந்த யாழ் இன்பம் தருவதையும் எடுத்துக்காட்டி, தோற்றத்தை விடுத்துச் செயலை அளவுகோலாகக் கொள்ளுமாறு அதே அதிகாரம் வற்புறுத்துகின்றது. நாடக மேடையில் வேடம் பூண்பவன் யாரையும் ஏமாற்றுவதில்லை. அவன் வேடதாரி என்பது காண்போர் அனைவரும் அறிந்து ஒப்பியதே. எனவே தூய்மைவாதிகளின் குற்றச்சாட்டு நடிகனைச் சாராது. ஆயின் அது வேறொருவரைச் சாரக்கூடும். உடையைக் கொண்டே ஒருவனின் உள்ளத்தைத் தீர்மானித்துவிடுமாறு காண்போரைத் தூண்டுபவர் எவரோ, அவரைச் சாரும்.

தூய்மைவாதக் காலத்தைச் சித்திரிக்கும் நாடகங்களின் வேட உடையை இந்நோக்கில் ஆராய்தல் வேண்டும். தலை முதல் கால் வரை கருமை, பெரிய வெண் கழுத்துப்பட்டி, கொளுவி பதித்த உயர்ந்த தொப்பி என்பனவே தூய்மைவாதியின் அடையாளம் என்னும் எண்ணம் வேரூன்றியுள்ளது. அத்தொப்பிக் கொளுவியோ 19ஆம் நூற்றாண்டுச் சித்திரக்காரரின் கற்பனையைப் பெரிதும் சார்ந்தது. ஆழ்ந்த, மங்காத கறுப்புச் சாயம் அன்று விலையுயர்ந்தது. ஆகவே கறுப்பு உடை செல்வரும் சமயத் தலைவரும் பதவியாளரும் சிறப்பு நாட்களில் அணிந்த உடையாகும். சாதாரண மக்கள் செம்பழுப்பு, ஈரல் நிறம், மான் நிறம், பச்சை, ஊதா முதலிய நிறங்களில் உடுத்தனர். 'துயர நிறங்கள்' என்று அவர்கள் குறிப்பிட்டவை இத்தகைய ஆழ்ந்த நிறங்களையே.

எளிமை அனைவர்க்கும் ஒன்றாகவும் இருக்கவில்லை. 200 பவுணுக்குக் குறைந்த சொத்துடையோர் பொன், வெள்ளிச் சரிகைகளை அணிதலை மசாச்சுசெற்ஸின் 1651ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. செல்வர்க்கு அத்தடை இல்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியும் 1754இல் பத்தாவியாவில் ஆடம்பரத்துக்கு எதிராக விரிவான விதிகளை இயற்றி, உடையையும் குடையையும் பதவிப் படிநிலைக்கேற்ப வரையறுத்தது. ஆகவே உண்மையான தூய்மைவாதச் சமூகமொன்றை மேடையில் காட்டுபவர் கருமையை அனைவர்க்கும் பகிர்ந்தளிக்க மாட்டார். நீதிபதிக்கு நல்ல கறுப்பையும், உழவனுக்குப் பலமுறை துவைத்து வெளிறிய பழுப்பையும், வேலைக்காரிக்கு எசமானியின் பழைய உடையையும் அளிப்பார். அதனால் மேடையில் ஒரு கொள்கைக் கூட்டம் மறைந்து, செல்வமும் வறுமையும் அச்சமும் ஆசையும் உடைய ஓர் ஊர் தோன்றும்.

இஃது அழகியல் நுணுக்கம் மட்டுமன்று என்பதைச் சேலத்தின் பதிவேடுகளே காட்டுகின்றன. அங்கு முதன்முதலாகத் தூக்கிலிடப்பட்டவர் பிரிஜெற் பிஷப் என்னும் பெண்மணி; நாள் 1692 யூன் 10. சாயத் தொழிலாளர் ஒருவர் அவருக்கெதிராகச் சாட்சியம் அளித்தார். எப்பயனுக்கும் உதவாத அளவு சிறிய சரிகைத் துண்டுகளைச் சாயமிடுமாறு அப்பெண் கொண்டுவந்தார் என்பது அச்சாட்சியத்தின் ஒரு கூறு. அவர் முன்னர் குடியிருந்த வீட்டின் நிலவறைச் சுவரில் தலையற்ற ஊசிகள் குத்திய துணிப் பொம்மைகள் காணப்பட்டன என்பது மற்றொருவரின் சாட்சியம். சரிகையும் பொம்மையும் ஓர் உயிரைப் பறிக்கும் சான்றுகளாயின. மில்லரின் நாடகத்திலும் ஊசி குத்திய துணிப் பொம்மை ஒன்று குற்றமற்ற ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்புகின்றது. அரங்கப் பொருட்களை ஆக்குபவர் அப்பொம்மையைக் கோரமாக ஆக்குதல் எளிது. ஆயின் அவ்வாறு ஆக்குதல் வழக்குத் தொடுத்தோரின் கண்ணைக் காண்போர்க்கு இரவல் கொடுப்பதாகும். வீட்டிலிருக்கும் எந்தக் குழந்தையும் விளையாடக்கூடிய எளிய பொம்மையாக அது இருத்தல் வேண்டும். அப்போதே எளிய பொருளில் தீமையைக் கண்ட கண்ணின் கொடுமை விளங்கும்.

காட்சியமைப்புக்கும் இதே நியதி பொருந்தும். தூய்மைவாதிகளின் தொழுகை மன்றம் வெறுமையானது. பிரசங்க மேடையும் வேதாகமமும் மணற்கடிகாரமும் அதன் முக்கிய பொருட்கள். இவ்வெறுமையைச் சிறைச்சாலையின் வெறுமையாகக் காட்டுதல் இயலும். ஆயின் அதனுள் அமர்ந்திருந்தோர்க்கு அது சிறையன்று. இறைவனுக்கும் தமக்குமிடையே வேறெதுவும் நிற்றலாகாது என்னும் நம்பிக்கையின் வடிவம். கற்பிட்டியின் ஒல்லாந்தர் ஆலயத்தில், தாயகத்திலிருந்து வெகுதூரம் வந்து மாண்டவர்களின் கல்லறைக் கற்கள் உள்ளன. அவர்களும் அழுதவர்களே. மேடையில் அவ்வெறுமை முதலில் அமைதியாகத் தோன்றி, பின்னர் அச்சமூட்டுவதாக மாறுமாயின், நல்ல நம்பிக்கை எவ்வாறு கொடிய செயலுக்கு இட்டுச் செல்கின்றது என்பதைக் காண்போர் தாமே உணர்வர். தொடக்கத்திலேயே அது அச்சமூட்டுமாயின் அவர்கள் உணர்வதற்கு எஞ்சுவது யாதுமில்லை.

ஒளியமைப்பிலேயே தீர்ப்பு மிக நுட்பமாகப் புகுகின்றது. கீழிருந்து பச்சையோ சிவப்போ பாய்ச்சி ஒரு முகத்தைக் கொடியதாக்க ஒரு கணம் போதும். தமிழ் மரபு ஒளியைப் பற்றி வேறொரு சிந்தனையையும் தந்துள்ளது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் கொண்ட அரங்கை விவரிக்கின்றது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகளை அமைக்க வேண்டுமென்பதும் அங்கு கூறப்படுகின்றது. ஆடுபவளை மறைக்கும் நிழலை அகற்றுவதே அங்கு விளக்கின் கடமை. மட்டக்களப்பின் வட்டக்களரியில் பந்த ஒளியிலும் பின்னர் பெற்றோமக்ஸ் விளக்கொளியிலும் கூத்து நிகழ்ந்தபோது, களரியின் ஒருபுறத்தோர் மறுபுறத்தோரின் முகங்களையும் கண்டனர். நீதிமன்றக் காட்சியொன்று அத்தகைய ஒளியில் நிகழுமாயின், குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பார்த்திருப்பவர் தம்மைப் போல் பார்த்திருப்பவரையும் காண்பார். இருளில் அமர்ந்து தீர்ப்பளிக்கும் வசதி அவருக்கு இராது.

வேடத்தின் அறம் பற்றிய போராட்டம் இக்கரையோரத்தின் அரங்க வரலாற்றிலேயே நிகழ்ந்துள்ளது. 1705இல் ஈழம் வந்து, 1742இல் வென்னப்புவைக்கு அண்மையிலுள்ள போலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றியவர். அவரது வியாகுலப் பிரசங்கம் ஈழத்துக் கத்தோலிக்கரின் தவக்கால வழிபாட்டில் நிலைத்த இடம் பெற்றது. இயேசுவின் பாடுகளைச் சுரூபங்களைக் கொண்டு காட்டும் மரபு இக்கரையில் வளர்ந்தது. அம்மரபில் மனிதர் வேடம் பூணவில்லை. மரச் சுரூபங்களே பாத்திரங்களாயின. புனிதரின் வேடத்தைப் பாவியான மனிதன் பூணலாமோ என்னும் தயக்கத்திற்கு அது ஒரு விடையாகவும் அமைந்தது.

புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள பொரலஸ்ஸ என்னும் ஊரில் லோரன்ஸ் பெரேரா 1923இல் அம்மரபிலிருந்து விலகினார். ஜேர்மனியின் ஒபரமெர்காவ் ஊரின் திருப்பாடுகள் நாடகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஊர்மக்களையே நடிகர்களாக்கிச் சிங்களத்தில் பெரும் நாடகமொன்றை மேடையேற்றினார். 1939இல் பெண் பாத்திரங்களைப் பெண்களே ஏற்கும் நிலை வந்தபோது திருச்சபையின் தடை அதன்மீது விழுந்தது. இங்கிலாந்தின் தூய்மைவாதிகள் பெண்ணுடை தரித்த ஆண்பிள்ளையைக் கண்டு சினந்தனர். பொரலஸ்ஸவிலோ பெண்ணுடை தரித்த பெண்ணே சினத்திற்குக் காரணமாயினாள். கூற்றுகள் ஒன்றுக்கொன்று எதிரானவை, ஊற்று ஒன்றே. உடை தன்னளவிலேயே ஒழுக்கத்தையோ ஒழுக்கக்கேட்டையோ சுமக்கின்றது என்னும் நம்பிக்கையே அவ்வூற்று.

சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பு என்னும் தமிழூர் இதற்கு மாறான ஓர் உண்மையை உணர்த்துகின்றது. அங்கு திரௌபதையம்மன் ஆலயத்தின் 18 நாள் விழா தீமிதிப்போடு நிறைவுறுகின்றது. நேர்த்தி பூண்டவர் அணியும் மஞ்சள் உடை அவரைப் பிறரினும் உயர்ந்தவராகக் காட்டுவதற்கன்று. தாம் ஏற்ற விரதத்துக்குத் தம்மைப் பொறுப்பாளியாக்குவதற்கே. அவ்வுடை அணிந்தவர்மீது கடமையைச் சுமத்துகின்றது. காண்பவர்க்குத் தீர்ப்பளிக்கும் உரிமையை வழங்குவதில்லை. நல்ல வேட உடையும் இத்தகையதே. நடிகனை அப்பாத்திரத்தின் வாழ்வுக்குப் பொறுப்பாளியாக்குவதே அதன் தொழில்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழக்கூடும். கொடுமை இழைத்தோர்க்கு நியாயம் வழங்குதல் கொடுமைக்கு உள்ளானோர்க்கு இழைக்கும் அநியாயமாகாதோ? தூக்கிலிட்ட நீதிபதிக்கும் தூக்கில் தொங்கியவளுக்கும் ஒரே ஒளியைப் பாய்ச்சுதல் நடுநிலை என்ற பெயரிலான கோழைத்தனமாகாதோ? இம்மறுப்பைப் புறக்கணித்தல் தகாது. ஆயின் நியாயம் வழங்குதல் வேறு, விடுதலை வழங்குதல் வேறு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றிய 'இராவணேசன்' இராவணனை அவலநாயகனாகக் காட்டியது. அதனால் அவனது வீழ்ச்சி இலேசாகிவிடவில்லை, கனம் பெற்றது. அரக்கன் வீழ்வது கண்டு மகிழலாம். மனிதன் வீழ்வது கண்டு அஞ்சவே இயலும். சேலத்தின் நீதிபதியை அரக்கனாக உடுத்தினால் காண்போர், 'யாம் அவனல்லோம்' என்னும் நிம்மதியோடு வீடு திரும்புவர். அந்நிம்மதியைப் பெறுவதில் கொடுமைக்கு உள்ளானவளுக்கு என்ன நன்மை? அவளைக் கொன்றவர்கள் அயலவர், ஒரே ஆலயத்தில் அமர்ந்தவர், தாம் நேர்மையாளர் என நம்பியவர் என்பதே அவளது துயரின் முழு உண்மை. அதை மறைக்கும் வேடமே அவளுக்கு இழைக்கும் அநியாயம்.

இவ்வுண்மை 17ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிட்ட ஒன்றன்று. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது ஆலயங்கள்மீதும் விடுதிகள்மீதும் நிகழ்ந்த குண்டுத்தாக்குதல்களில் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரம் புத்தளம் மாவட்டத்தின் தெற்கு எல்லையை அடுத்த நீர்கொழும்பைப் பெரிதும் தாக்கியது. அம்மாத இறுதியில் முகத்தை மூடும் ஆடைகள் அவசரகால விதிகளின்கீழ்த் தடைசெய்யப்பட்டன. அடுத்த மாதம் சிலாபத்தில் தொடங்கிய கலவரம் புத்தளம், குருணாகல் மாவட்டங்களின் முஸ்லிம் குடியிருப்புகளுக்குப் பரவியது. கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். அதே மே மாதத்தில் ஹசலக்கவில் முஸ்லிம் பெண் ஒருவர் கைதுசெய்யப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். அவர் அணிந்திருந்த உடையிலிருந்த கப்பற் சுக்கானின் வடிவம் தர்மச்சக்கரமாகக் கொள்ளப்பட்டமையே காரணம். சேலத்தின் சரிகைத் துண்டுக்கும் இந்த உடைக்குமிடையே 327 ஆண்டுகள் உள்ளன. காலம் நீண்டது, கண் மாறவில்லை. துயருற்ற மக்கள் அச்சத்தால் கொடியவராகும் வழியும் மாறவில்லை.

எனவே தூய்மைவாதக் கால நாடகமொன்றுக்கு உடையும் பொருளும் ஒளியும் அமைப்பவர் சிறிய பணியொன்றைச் செய்பவரல்லர். காண்போர் இரண்டு மணி நேரம் எவ்வாறு மனிதரைப் பார்ப்பர் என்பதை அவரே பயிற்றுகின்றார். கறுப்பு உடையைக் கண்டவுடன் கொடியவன் எனத் தெளிய அவர்களைப் பழக்கினால், நாடகத்தின் உரையாடல் எதைக் கண்டிக்கின்றதோ அதையே அவர் ஊசியாலும் நூலாலும் கற்பிக்கின்றார். உடையைக் கண்டபின்னும் செயலைக் காணும்வரை பொறுத்திருக்க அவர்களைப் பழக்கினால், எந்தச் சொல்லும் சாதிக்க முடியாத ஒன்றை அவர் சாதிக்கின்றார். தூய்மைவாதிகள் மேடையின்மீது சுமத்திய குற்றத்திற்கு மேடை கூறத்தக்க விடையும் அதுவே. வேடம் பொய்யன்று, வேடத்தைக் கண்ட மாத்திரத்தில் வழங்கப்படும் தீர்ப்பே பொய்.